பெருமையா, பெருமிதமா, திமிரா? கடலூர், புதுச்சேரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு உணர்ச்சிச் சொற்கள் வழிகாட்டி

நெய்வேலியிலோ கடலூர் சிப்காட்டிலோ ஜிப்மரிலோ வேலை கிடைத்து வந்தவர், பிரான்சில் பிறந்து தாத்தா வீட்டைப் பார்த்துக்கொள்ளப் புதுச்சேரிக்குத் திரும்பியவர், வீட்டில் தெலுங்கோ மலையாளமோ பேசி வளர்ந்தவர் ஆகியோருக்காக எழுதியது இது. காய்கறி வாங்கவும் ஆட்டோவுக்குப் பேரம் பேசவும் உங்கள் தமிழ் போதும். சிக்கல் வருவது மகளின் மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழில், எதிர்வீட்டுப் பெரியவரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில், காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரில். அங்கெல்லாம் உணர்ச்சியை எழுத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு சொல் தப்பினால் பாராட்டு வசவாகிவிடும், புகார் வேறொரு குற்றத்தைப் பற்றியதாகிவிடும்.

கைபேசி மொழிபெயர்ப்பை இந்த விஷயத்தில் நம்பவே நம்பாதீர்கள். அது நல்ல பெருமைக்கும் கெட்ட பெருமைக்கும் ஒரே சொல்லைத் தூக்கிக் கொடுத்துவிடும். தமிழில் அந்த இடத்தில் இருபது சொற்களாவது இருக்கின்றன.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கேட்ட சொல், யார் யாரைப் பற்றிச் சொன்னார், அதோடு சேர்ந்து வந்த வினைச்சொல், எந்த இடத்தில் கேட்டது. பொருளுக்கென்று தனிப் பத்தி வேண்டாம். இந்த நான்கும் சரியாக இருந்தால் பொருள் தானாகப் பிடிபடும்.

அகராதி இரண்டு வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் அதை இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஒரு சொல்லின் பழைய பொருளெல்லாம் அதில் கிடைக்கும், ஆனால் இன்றைக்கு அது திட்டா பாராட்டா என்பது தெரியாது. அதற்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அதன் முதல் பதிப்பு 1992-ல் வந்தது. எடுத்துக்காட்டு வாக்கியங்கள்தான் அதன் பலம். உடனே வாங்க வேண்டியதில்லை. கடலூரில் மாவட்ட மைய நூலகத்திலும் புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகத்திலும் முதலில் கேட்டுப் பாருங்கள். அகராதிகளை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். நோட்டோடு போங்கள்.

நாளுக்கு 20 நிமிடம், ஆறு வாரம் போதும். முதல் இரண்டு வாரம் வெறுமனே கேட்டு எழுதுங்கள். பேருந்தில், டீக்கடையில், சீரியலில் வரும் சண்டைகளில் வேண்டிய அளவு சரக்கு இருக்கிறது. இந்தச் சொற்களை நீங்களாகப் பேச்சில் எடுப்பது மூன்றாவது வாரத்துக்குப் பிறகு இருக்கட்டும்.

2. யார், யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் மனதில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுச் சங்கதியை எடுத்துக்கொள்வோம். அண்ணன் மகள் கல்யாணம். தாம்பூலத்தோடு நேரில் வந்து அழைக்காமல் தம்பி வீட்டுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். தம்பி கல்யாணத்துக்குப் போகவில்லை. நடந்தது ஒன்றுதான், அதற்குப் பேர் ஐந்து:

தம்பி: "எனக்கும் தன்மானம் இருக்கு."
தம்பி மனைவி, பக்கத்து வீட்டில்: "அவருக்கு ரோஷம் ஜாஸ்திக்கா."
அண்ணன்: "வீம்பு புடிச்சிக்கிட்டு நிக்கிறான்."
அண்ணி: "திமிரு, வேறென்ன."
ஊர்ப் பெரியவர்: "ஏதோ மனஸ்தாபம், சரியாப் போயிடும்."

தன்மானம் தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் சொல். ரோஷம் தன்னவரைக் குறை சொல்வதுபோல் காட்டி விட்டுக்கொடுக்காமல் பேசும் சொல். வீம்பில் கோபம் இருக்கிறது, உறவு இன்னும் அறுபடவில்லை. திமிர் உறவையே தள்ளி வைக்கிறது. மனஸ்தாபம் யார் மேலும் பழி போடாமல் கதவைத் திறந்து வைக்கிறது. புதிதாக வந்த நீங்கள் அடுத்தவர் வீட்டுச் சண்டையைப் பற்றி ஒரு சொல் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த ஐந்தாவது சொல்லை எடுங்கள்.

மானம், தன்மானம், சுயமரியாதை, ரோஷம், வைராக்கியம் ஆகியவற்றைத் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ளலாம். திமிர், கொழுப்பு, தலைக்கனம், மண்டைக்கனம், வீம்பு, அகம்பாவம் எல்லாம் அடுத்தவர் மேல் எறிவதற்கு மட்டும். கர்வம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. "உன்னை நினைச்சா கர்வமா இருக்கு" என்று அப்பா மகளிடம் சொன்னால் அது பாராட்டு. "கர்வம் புடிச்சவ" என்றால் வசவு.

திமிரில் ஒரு நுணுக்கம். பாட்டி பேரனின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே "திமிரு புடிச்சவனே" என்பாள். அது கொஞ்சல். அந்தச் சலுகை மூத்தவர் இளையவரிடம் பேசும்போது மட்டும். அலுவலகத்தில் சக ஊழியரிடம் விளையாட்டாகக்கூட வேண்டாம். மரியாதை விகுதி சேர்த்தாலும் காப்பாற்றாது. "உங்களுக்குத் திமிருங்க" என்பது வெறும் "திமிரு" என்பதைவிட மோசமாகக் குத்தும்.

3. சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள், வினையோடு படியுங்கள்

தமிழில் உணர்ச்சிச் சொல்லின் நல்லது கெட்டதைப் பாதி தீர்மானிப்பது அதன் பின்னால் வரும் வினைதான். பெருமைப்படுவது நல்லது. பெருமை சேர்ப்பது அதனினும் நல்லது. பெருமையடிப்பது தற்புகழ்ச்சி, பெருமை பீற்றிக்கொள்வது இன்னும் கீழே. "பள்ளிக்குப் பெருமை சேர்த்த மாணவி" என்று கேடயத்தில் எழுதலாம். அதே இடத்தில் "பெருமையடித்த" என்று விழுந்தால் அந்தக் கேடயத்தை அந்தப் பெண் எங்கே மாட்டுவாள்?

மானத்தை வாங்குவது புதியவர்கள் கட்டாயம் இடறும் இடம். வாங்குவது என்றால் பெறுவது என்று நினைத்து நல்லபடியாக எடுத்துக்கொள்கிறார்கள். "ஊரே பாக்க மானத்தை வாங்கிட்டான்" என்றால் நாலு பேர் எதிரில் அசிங்கப்படுத்திவிட்டான் என்று பொருள். மானம் போனது, மானம் கப்பலேறியது இரண்டும் அதே வரிசை. மானம் காப்பது ஒன்றுதான் நல்ல பக்கம்.

கோபத்துக்கு வருவோம். "எனக்குக் கோபம் வருது" என்றால் கோபம் வெளியிலிருந்து வந்து சேர்கிறது, வரவழைத்தவர் எதிரில் இருக்கிறார். "நான் கோபப்படுறேன்" என்றால் பொறுப்பு உங்களுடையது. மன்னிப்புக் கேட்கும்போது இரண்டாவதுதான் வர வேண்டும்: "நான் கோபப்பட்டது தப்பு." கோபித்துக்கொள்வது மூன்றாவது வகை. இது கத்துவது அல்ல, பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது. "கோச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா" என்பதில் சத்தமே இருந்திருக்காது. "கோச்சுக்காதீங்க" என்று ஒருவர் பேச்சைத் தொடங்கினால், கேட்கத் தயங்கும் ஒன்றைக் கேட்கப்போகிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான். நான் கோபமாக இல்லையே என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

4. பெருமைக் குடும்பம்: எங்கே எது

பெருமை பொதுச் சொல், எங்கும் செல்லும். பெருமிதம் மேடைக்கும் அச்சுக்கும் உரியது. வீட்டில் யாரும் "பெருமிதமா இருக்கு" என்று பேசுவதில்லை. ஆனால் பெருமிதத்தை வைத்துக் குறள் மேற்கோள் தேடும்போது கவனம். 431-வது குறளில் "பெருமித நீர்த்து" என்று வருகிறது. செருக்கும் சினமும் சிறுமையும் இல்லாதவர்களின் வளத்தைப் போற்றும் இடம் அது. 979-வது குறளோ "பெருமை பெருமிதம் இன்மை" என்கிறது. அங்கே பெருமிதம் என்பது செருக்கு, இருக்கக் கூடாத ஒன்று. பாராட்டு விழா மேடையில் 979-ஐப் போட்டால் தமிழாசிரியர்கள் முகம் மாறும்.

இறுமாப்பும் இறும்பூதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இறும்பூது என்றால் வியப்பு. "இறும்பூது எய்தினோம்" என்று மேடையில் பேசலாம். இறுமாப்பு என்றால் செருக்கு. "இறுமாப்புடன் வரவேற்கிறோம்" என்று வரவேற்புப் பலகை வைத்தால் வந்தவரை அவமதித்ததாகிவிடும். செருக்கு எழுத்தில் மட்டும் சில சமயம் நல்ல பொருளில் வரும், புலமைச் செருக்கு என்பதுபோல. ஓரளவு கை தேறும்வரை அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஆணவம் இந்த வட்டாரத்தில் இரண்டு வேடம் போடும். தெருவில் அது திமிரின் பெரியண்ணன். சிதம்பரத்திலோ திருவதிகையிலோ சைவச் சொற்பொழிவில் உட்கார்ந்தால், ஆணவம் கன்மம் மாயை என்று மும்மலங்களில் முதலாவதாக வரும். உயிரின் அறிவை இருள்போல மறைத்திருக்கும் மலம் அது. எல்லா உயிருக்கும் உண்டு. சொற்பொழிவாளர் "நம் எல்லோருக்கும் இருக்கும் ஆணவம்" என்றால் யாரையும் திட்டவில்லை.

சாதி மாறி மணந்தவர்களைக் குடும்பத்தாரே கொல்வதை முன்பு செய்தித்தாள்கள் கௌரவக் கொலை என்று எழுதின. இப்போது ஆணவக் கொலை என்று எழுதுகிறார்கள். விருத்தாசலம் அருகே 2003-ல் நடந்த அப்படியொரு கொலைக்குக் கடலூர் நீதிமன்றம் 2021-ல்தான் தண்டனை வழங்கியது. நீங்கள் எழுதும்போதும் பேசும்போதும் ஆணவக் கொலை என்றே சொல்லுங்கள். கௌரவம் என்ற நல்ல சொல்லைக் கொலைகாரர்களுக்குத் தானம் கொடுக்கக் கூடாது.

அந்தக் கௌரவத்திலும் பொறி உண்டு. கௌரவிப்பது நல்லது. "கௌரவம் பாக்குறாரு" என்றால் அந்தஸ்து பார்த்து ஒதுங்குகிறார் என்று குறை. "கௌரவ விரிவுரையாளர்" என்று கல்லூரி விளம்பரத்தில் வருவது தற்காலிகப் பணி.

கெத்து, பந்தா, சீன், உதார்: இவை இளைஞர் பேச்சு. கெத்து பாராட்டு, பந்தா கண்ணை உறுத்தும் ஆடம்பரம், உதார் செய்ய முடியாததைச் சொல்லி மிரட்டுவது. நான்கையும் எழுத்தில் தவிருங்கள்.

5. கோபக் குடும்பம்: கடலிலிருந்து தொடங்குங்கள்

கடலூர் துறைமுகத்தின் பக்கம் குடியிருந்தால் சீற்றம், கொந்தளிப்பு ஆகிய சொற்களை மனிதர்களைவிடக் கடலைப் பற்றித்தான் அதிகம் கேட்பீர்கள். "கடல் சீற்றமா இருக்கு, போட் எடுக்கலை" என்பது அன்றாடப் பேச்சு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. அதைப் பார்த்தவர்களுக்குச் சீற்றம் என்ற சொல்லின் எடை தெரியும். மனிதருக்கு வரும்போதும் அதே எடையோடுதான் வைக்க வேண்டும். அநியாயம் கண்டு பொங்குவது அறச்சீற்றம். கூட்டமாக ஊர் பொங்குவது கொந்தளிப்பு. தனி ஆள் ஒருவர் கொந்தளித்தார் என்பது அவ்வளவாகப் பொருந்தாது, மனம் கொந்தளித்தது என்றால் பொருந்தும்.

சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கினால் எரிச்சல், கடுப்பு, கோபம், ஆத்திரம், ஆவேசம், வெறி. கடுப்பு பேச்சில் மட்டும். சினம் எழுத்தில் மட்டும். ஆத்திரத்தில் அவசரமும் கலந்திருக்கிறது. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்ற பழமொழி அதைத்தான் சொல்கிறது. "ஆத்திர அவசரத்துக்கு ஒரு வண்டி வேணும்" என்றால் அங்கே கோபமே இல்லை, திடீர்த் தேவை மட்டும். ஆவேசத்தை ஆடி மாதம் அம்மன் கோயிலில் பார்க்கலாம். சாமி வந்து ஆடுகிறவரைக் கோபமாக இருக்கிறார் என்று சொல்லிவிடாதீர்கள், மனம் புண்படும்.

வெகுளி பெரிய பொறி. குறளில் 31-வது அதிகாரம் வெகுளாமை, அதாவது சினம் கொள்ளாமை. இன்றைக்கு "வெகுளியான பொண்ணு" என்றால் சூது வாது தெரியாத பெண். பழைய பொருளை அகராதியில் பார்த்துவிட்டு ஒருவரை வெகுளி என்று கோபக்காரர் பொருளில் எழுதினால் நேர்மாறாகப் போய்விடும்.

ஆதங்கம் கோபம் அல்ல. கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லையே என்ற மனக்குறை. அதில் உரிமையும் அன்பும் இருக்கும். "என் ஆதங்கத்தைச் சொல்றேன்" என்று மேலதிகாரியிடமும் தைரியமாகப் பேசலாம். வயிற்றெரிச்சல் பொறாமையாகவும் இருக்கும், ஏமாந்தவரின் சாபமாகவும் இருக்கும். "ஏழை வயித்தெரிச்சலைக் கொட்டிக்காத" என்பதில் வருவது இரண்டாவது.

6. உடம்பில் குடியிருக்கும் சொற்கள்

அகராதி பார்த்துப் பிடிக்க முடியாதவை இவை. பெற்றவளுக்கு வயிறு குளிரும். பிறருக்கு மனசு நிறையும். முகஸ்துதி கேட்டால் உச்சி குளிரும், அதனால் "உச்சி குளிர்ந்தது" என்று நன்றியுரையில் சொல்லாதீர்கள், புகழ்ச்சிக்கு மயங்கினேன் என்றாகிவிடும். கோபம் மூக்கின்மேல் உட்காரும், கண் சிவக்கும், பல்லைக் கடிக்கும். அவமானத்தில் முகம் சுண்டும். பெருமையில் நெஞ்சு நிமிரும், நெகிழ்ச்சியில் நெஞ்சு விம்மும், தொண்டை அடைக்கும். பிள்ளை பரீட்சையில் தேறியதைப் பாராட்டப் போகும் வீட்டில் "மனசு நிறைஞ்சு போச்சுங்க" என்ற மூன்று சொல் போதும். பெருமிதம், பேருவகை எதுவும் வேண்டியதில்லை.

7. அச்சுக்குப் போகும் முன்

அழைப்பிதழ் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே கையில் இருக்க வேண்டும். அதனால் வாசகத்தை இன்னும் பதினைந்து நாள் முன்னால் முடிவு செய்யுங்கள். குறைந்தது இரண்டு முறை புரூஃப் வாங்குங்கள். திரையில் பார்ப்பது போதாது, காகிதத்தில் வாங்கி விரல் வைத்துப் படியுங்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும்.

அடிக்கடி தப்பும் எழுத்துகள்: பெருமை என்பது "பெறுமை" ஆகும். மகிழ்ச்சியிலும் உணர்ச்சியிலும் ஒரு ச் காணாமல் போகும். எல்லாவற்றிலும் மோசமானது, ஆழ்ந்த இரங்கல் "ஆழ்ந்த இறங்கல்" ஆவது. இரங்கல் மனம் இரங்குவது, இறங்கல் படியிறங்குவது. அஞ்சலி போஸ்டர் ஓரிரு மணி நேரத்தில் அடிக்க வேண்டியிருப்பதால் இந்தத் தவறு சுவரில் ஏறிய பிறகுதான் கண்ணில் படும். அவசரத்திலும் அந்த ஒரு சொல்லை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

இறப்பைச் சொல்லும் தொடரும் வீட்டுக்கு வீடு மாறும். சைவ வீட்டில் இறைவனடி சேர்ந்தார், வைணவத்தில் ஆசார்யன் திருவடி அடைந்தார், கிறிஸ்தவ வீட்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், முஸ்லிம் வீட்டில் வஃபாத்தானார். தெரியாவிட்டால் காலமானார் என்று போடுங்கள், எவருக்கும் உறுத்தாது.

பிளெக்ஸ் சதுர அடிக் கணக்கு. 10 அடிக்கு 8 அடி என்றால் 80 சதுர அடி. ஒரு சொல் தப்பினாலும் 80 சதுர அடிக்கும் மறுபடி பணம். திருத்தம் யார் செலவு என்பதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். நீங்கள் கையெழுத்திட்ட புரூஃபில் இல்லாத பிழை என்றால் அச்சகம் பொறுப்பு, இருந்த பிழை என்றால் நீங்கள். பொது இடத்தில் வைக்க உள்ளாட்சி அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

8. மனுவும் புகாரும்

கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு பிரதி, ஆதார் நகல், கைபேசி எண், சம்பந்தப்பட்ட ஆவணங்களின் நகல் கொண்டுபோங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். வெளியில் தட்டச்சு செய்து தருபவரிடம் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். அவர் அனுபவசாலி, ஆனால் வழக்கமான சொற்களைத் தானாகச் சேர்த்துவிடுவார். கையெழுத்துக்கு முன் முழுவதையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மிகவும் ஆபத்தான சொல் மானபங்கம். அது ஒரு பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் பாலியல் தாக்குதலைக் குறிக்கும் சொல். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்குப் பிரிவு 74. கடன் கொடுத்தவர் தெருவில் நின்று கத்தினார் என்பதை "என்னை மானபங்கப்படுத்தினார்" என்று எழுதினால் விசாரணை எங்கேயோ போகும். பொய்ப் புகார் என்ற பேரும் உங்களுக்கே வந்து சேரும். அந்த இடத்தில் "அவமானப்படுத்தினார்" அல்லது "தரக்குறைவாகத் திட்டினார்" என்பதே சரி. வேண்டுமென்றே சண்டைக்குத் தூண்டும் அவமதிப்புக்குப் பிரிவு 352 இருக்கிறது. உங்களைப் பற்றிப் பொய்யாகப் பரப்பினார் என்றால் அவதூறு, பிரிவு 356. பிரிவு எண்ணை நீங்கள் எழுத வேண்டியதில்லை, நடந்ததைச் சரியான சொல்லில் எழுதினால் போதும்.

பலர் எழுதுவது இப்படி: "அவரது திமிரான பேச்சால் நான் ஆத்திரமடைந்தேன். என்னை மானபங்கம் செய்துவிட்டார்." இதில் மூன்று தப்பு. திமிர் உங்கள் கருத்து, நடந்த செயல் அல்ல. ஆத்திரமடைந்தேன் என்பது நீங்களும் சண்டைக்குப் போனீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கொடுக்கும். மூன்றாவதை மேலே பார்த்தோம்.

எழுத வேண்டியது இப்படி: "இன்ன தேதி மாலை 6 மணிக்கு, என் கடைக்கு எதிரில், மூன்று பேர் முன்னிலையில் என்னைத் தரக்குறைவான சொற்களால் திட்டினார். இதனால் எனக்குக் கடும் மன உளைச்சல் ஏற்பட்டது." மன உளைச்சல் அலுவலகங்களும் நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்ட சொல். மன வேதனையும் சரி. ஆதங்கம், வயிற்றெரிச்சல், கொந்தளிப்பு மனுவில் வேண்டாம்.

அவர் பேசிய சொற்களை அப்படியே, எத்தனை அசிங்கமாக இருந்தாலும், மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். கூச்சப்பட்டு "தகாத வார்த்தைகள்" என்று மட்டும் விட்டால் எந்த வார்த்தை என்று பிறகு கேட்கும்போது வேறுபட்டுப் போகும். புகாரைப் பெற்றதற்கு அத்தாட்சியாகத் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் சி.எஸ்.ஆர். (சமூகப் பணிப் பதிவேடு) ரசீது தருவார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அதிலுள்ள எண்ணையும் தேதியையும் அன்றைக்கே நோட்டில் எழுதி வையுங்கள்.